ஏழாம் பக்கத்துப் பால்மரம்

என் மனைவி ஏழாம் பக்கத்தைத் திருப்பினாள். பின்வரிசையில் ஒரு பெண்மணி சிரித்தார்.

அது சிரிக்கிற இடம் இல்லை. சிரிக்கிற இடம் ஒன்பதாம் பக்கம். எனக்குத் தெரியும். வீட்டில் நாற்பது தடவையாவது கேட்டிருக்கிறேன்.

சித்தியவான் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி. முன்பு அது ரப்பர்த் தோட்டம். இப்போது சுற்றிலும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. சனிக்கிழமை காலை. மண்டபத்தில் பிள்ளைகள் தரையில், பெற்றோர் நாற்காலியில். மேலே ஆறு காற்றாடி. நாலு சுற்றியது. கேன்டீனில் மீகூன் நூடுல்ஸ் பிரட்டுகிற வாசனை உள்ளே வந்துகொண்டிருந்தது.

நான் கதவு ஓரம் நின்றேன். காலடியில் மூன்று புத்தகப் பெட்டி.

சிரித்த பெண்மணி பக்கத்தில் இருந்தவரின் தொடையைத் தட்டிப் படத்தைக் காட்டினார். அவரும் சிரித்தார். பிறகு அந்த வரிசையே சிரித்தது.

என் மனைவி நிறுத்தினாள். புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

எனக்குப் புரிந்தது. ஆறு மாதமாகவே புரியும்.

டீச்சர்

போன வாரம் இந்தப் பத்தியில் என் பழைய வேனில் பிரேக் பிடிக்காமல் போனதை எழுதியிருந்தேன். படித்துவிட்டு மூன்று பேர் பிரேக்குக்கு வழி சொன்னார்கள். நன்றி. அந்த வேன் இப்போது இல்லை.

அந்த வேனில்தான் என் மனைவியைப் பார்த்தேன். பெயர் தவமணி. ஈப்போவில் பாலர் பள்ளி ஆசிரியை. நான் அந்தப் பள்ளிக்கு வேன் ஓட்டினேன். டீச்சர் என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. கல்யாணம் ஆகியும் மாறவில்லை.

நான் தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டத்து ஆள். பதினான்கு வயதில் மரம் வெட்டப் போனேன். மரம் வெட்டுவது என்றால் கோடாரி இல்லை. பால் எடுக்கப் பட்டையைச் சீவுவது. பதினெட்டு வருடம் சீவினேன். பிறகு மரங்களைச் சாய்த்துச் செம்பனை போட்டார்கள். ஈப்போவுக்கு வந்துவிட்டேன்.

அவள் வீடு வேறு மாதிரி. யாழ்ப்பாணத்து வழி. அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. அண்ணன் டாக்டர். வீட்டில் பியானோ இருந்தது. யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. எங்கள் கல்யாணத்துக்கு அவள் அண்ணன் வந்தார். சாப்பிடவில்லை. இப்போது மாதம் ஒரு தடவை வருகிறார். மீன் குழம்பை இரண்டு தடவை ஊற்றிக்கொள்கிறார்.

டீச்சர் பிள்ளைகளுக்குக் கதை எழுதுகிறாள். எல்லாம் படப் புத்தகம். பால்மரத்தோடு சேர்த்துப் பன்னிரண்டு. பள்ளி, நூலகம், கோயில் மண்டபம், எங்கே கூப்பிட்டாலும் போய்க் கதை சொல்வாள். நான் ஓட்டிக்கொண்டு போவேன்.

ஓட்டுவதோடு விடமாட்டாள். ஒருமுறை ஒரு நூலகத்தில் யானைக் கதை. யானையின் பின்பக்கத்துக்கு ஏற்பாடு செய்த ஆள் வரவில்லை. சாம்பல் நிறக் கம்பளியை என் தலையில் போட்டாள்.

“நான் என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா நில்லுங்க. உங்களுக்கு அதுதானே நல்லா வரும்.”

நின்றேன். ஒரு குழந்தை வாலைப் பிடித்து இழுத்தது. அப்போதும் நின்றேன். கைதட்டல் எல்லாம் முன்பக்கத்துக்குப் போனது.

புத்தகத்திலும் என்னை விடுவதில்லை. அவள் எழுதிய ஆமை, திங்கட்கிழமை கேட்ட கேள்விக்கு வியாழக்கிழமை பதில் சொல்லும். அவள் எழுதிய எருமை, கதை முடிகிறவரை வாயே திறக்காது. இது யார் என்று கேட்டேன்.

“எருமைங்க. பார்த்தா தெரியலையா?” என்றாள்.

பூனை

ஆரம்பத்தில் எழுதியதை எல்லாம் என்னிடம் காட்டுவாள். ஒருநாள் பூனைக் கதை ஒன்றைக் காட்டினாள். பூனை மீன் பாசாருக்குப் போகும். மீன்காரரிடம் பணிவாகக் கேட்கும். அவர் தலையாட்டுவார். பிறகுதான் மீனைத் தூக்கிக்கொண்டு ஓடும்.

“எப்படி இருக்கு?”

“பூனை கேட்டுட்டுத் திருடாது” என்றேன்.

அவ்வளவுதான். தாள்களை மடித்தாள். அலமாரிக்கு மேலே வைத்தாள். எட்டு மாதம் ஒரு வரி எழுதவில்லை.

அவள் எழுதும்போது குரல் மாற்றிப் பேசிப் பார்ப்பாள். சமையல்கட்டில் நரி பேசும். குளியலறையில் ராஜா பேசுவார். துணி காயப்போடும்போது கிளியும் கொக்கும் சண்டை போடும். அந்த எட்டு மாதம் வீட்டில் யாரும் பேசவில்லை. நான் பேசாத ஆள். எனக்கே தாங்கவில்லை.

பிறகு ஒருநாள் பாத்திரம் கழுவும்போது ஒரு தவளை பேசியது. அப்பாடா என்று இருந்தது.

அன்றிலிருந்து அவள் எதைக் காட்டினாலும் நான் ஒரே பதில்தான் வைத்திருந்தேன். “நல்லா இருக்கு.”

படத்தைத் திருப்பினார்கள்

பால்மரக் கதை இதுதான். சின்னப்பொண்ணு என்று ஒரு பிள்ளை அம்மாவோடு மரம் வெட்டப் போகிறாள். கத்தி பட்டதும் மரத்துக்குக் கூச்சம். சிரிக்கிறது. சிரிக்கச் சிரிக்கப் பால் வருகிறது. பிள்ளைகளுக்கு அது போதும்.

டீச்சருக்கு அதில் பயம் இருந்தது.

“இது நீங்க எல்லாம் வாழ்ந்தது. நான் ரயில்வே குவாட்டர்ஸ்ல வளந்தவ. தோட்டத்து ஆளுங்க பார்த்துட்டு இது தப்புன்னு சிரிச்சாங்கன்னா, எனக்கு அதை எழுத என்ன தகுதி? இதோட எழுதுறதையே நிறுத்திடுவேன். சத்தியமா. நீங்கதான் ஒவ்வொரு பக்கமும் பார்த்துச் சொல்லணும்.”

சரி என்று தலையாட்டினேன்.

படம் வரைந்தது சூ லின். ஈப்போக்காரப் பிள்ளை. வயது முப்பது இருக்கும். பால்மரத்தை நேரில் பார்த்ததில்லை. பழைய போட்டோக்களைத் தேடிப் பார்த்து வரைந்திருந்தாள். பால் விழுகிற மங்கு, அதைக் கட்டிய கம்பி, வாளி, தலைத்துணி எல்லாம் சரி. கோடும் சரி.

கோடு என்றால் பட்டையில் கத்தி போகிற வழி. மரத்துக்கு எதிரே நின்றால் இடப்பக்கம் மேலே ஆரம்பித்து வலப்பக்கம் கீழே இறங்கும். எந்தத் தோட்டத்திலும் அப்படித்தான். இடது கைக்காரனும் அப்படித்தான் வெட்டணும். மாற்றி வெட்டினால் பால் குறையும். கங்காணி பார்த்தால் ஏச்சு நிறையும்.

ஒருநாள் வீட்டில் இரண்டு பேரும் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டீச்சருக்கு ஏழாம் பக்கம் பிடிக்கவில்லை.

“அம்மா இடது பக்கம் பார்க்கிறா. பிள்ளைங்க வலது பக்கத்தைத்தானே திருப்புவாங்க? அவ அந்தப் பக்கம் பார்த்தாத்தான் அடுத்து என்னன்னு திருப்பத் தோணும்.”

படப் புத்தக வேலையில் அப்படி ஒரு முறை இருக்கிறதாம்.

சூ லின் ஒரு தட்டுத் தட்டினாள். படம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி அப்படியே திரும்பியது. அம்மா திரும்பினாள். கத்தி இடது கைக்குப் போனது. மரம் திரும்பியது. கோடும் திரும்பியது.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஓகேவா அங்கிள்?”

நான் பூனையை நினைத்தேன்.

“நல்லா இருக்கு.”

புத்தகம் அச்சாகி வந்தது. முதல் தடவையாகக் கதை சொல்ல சித்தியவான் தோட்டத்துப் பள்ளியிலேயே கூப்பிட்டார்கள். அன்று காலை வண்டியில் வரும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பூசிங் தாண்டட்டும் என்று இருந்தேன். போத்தா பாலம் தாண்டட்டும் என்று இருந்தேன். ஆயர் தாவார் வந்தது. தொண்டையைச் செருமினேன்.

“இருமலா?” என்றாள்.

“இல்ல.”

சித்தியவான் வந்துவிட்டது.

பாக்கியம் அக்கா

சிரித்த பெண்மணி எழுந்து நின்றார். அறுபதுக்கு மேல் இருக்கும். தலையில் மல்லிகை, கையில் காகித விசிறி. பெயர் பாக்கியம். அதே தோட்டத்தில் முப்பது வருடம் மரம் வெட்டியவர் என்று பிறகு தெரிந்தது.

“டீச்சர், கோவிச்சுக்காதீங்க. அந்தப் பொம்பள இடது கைக்காரியா?”

டீச்சர் படத்தைப் பார்த்தாள். “ஆமாக்கா. அப்படித்தான் இருக்கு.”

“இருக்கட்டும். எங்கள்லயும் ரெண்டு பேரு இருந்தாங்க. கோடு ஏன் மாறிப் போவுது? இப்படி வெட்டுனா பாலு எங்கேருந்து வரும்?”

“நம்ம கங்காணி மட்டும் பாத்திருந்தான்னா, கத்தியப் புடுங்கிட்டு வூட்டுக்கு வெரட்டியிருப்பான்லா” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“இந்த மரம் எங்க சிரிக்கும்? கடிக்கத்தான் வரும்” என்றார் இன்னொருவர்.

பெண்கள் சிரித்தார்கள். எதற்கு என்று தெரியாமல் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

டீச்சர் புத்தகத்தை மார்போடு வைத்துக்கொண்டாள்.

“எனக்குத் தெரியலக்கா. நான் தோட்டத்துல இருந்ததில்ல. என் வீட்டுக்காரர்தான் படம் பார்த்தார். அவர் மரம் வெட்டினவர்.”

எல்லாத் தலையும் திரும்பியது.

“யாரு, பொட்டிக்குக் காவல் நிக்கிறாரே, அவரா?” என்றார் பாக்கியம் அக்கா. என்னைக் கால் முதல் தலை வரை பார்த்தார். “எத்தன வருசம்ணே வெட்டுனீங்க?”

“பதினெட்டு.”

“கோடு தெரியாதா?”

“தெரியும்.”

“புத்தகத்துல பாக்கலியா?”

“பாத்தேன்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

நூறு பேர் பார்க்கிறார்கள். நல்ல பொய்யாக ஒன்று தேடினேன். கிடைக்கவில்லை.

“சொன்னா எழுதறத நிறுத்திடுவாங்கன்னு பயம்.”

மண்டபமே சிரித்தது. தலைமையாசிரியர்கூட வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஐயோ சாமி, பொண்டாட்டிக்கு இப்படிப் பயப்படுற மனுசன் இன்னும் இருக்காரா!” என்றார் பாக்கியம் அக்கா. “உக்காருங்கண்ணே.”

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். பிறகு புத்தகத்தை மூடி நாற்காலியில் வைத்தாள். முடிந்தது என்று நினைத்தேன்.

“அக்கா, இங்க வாங்க. எப்படி வெட்டணும்னு காட்டுங்க.”

பாக்கியம் அக்கா முன்னால் வந்தார். கத்தி இல்லை. மரம் இல்லை. முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளையை எழுப்பி, முதுகைத் தன் பக்கம் திருப்பினார். இடது தோளில் விரலை வைத்தார். வலது இடுப்பு வரை சாய்வாக இழுத்தார். பிள்ளை நெளிந்தது. கீச்சென்று சிரித்தது.

“மரம் சிரிச்சிருச்சு!” என்றாள் டீச்சர். அது ஒன்பதாம் பக்கத்து வரி.

அதற்குப் பிறகு அடக்க முடியவில்லை. என்னை வெட்டுங்க, என்னை வெட்டுங்க என்று எல்லாப் பிள்ளைகளும் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கடைசியில் தலைமையாசிரியரும் நின்றார். புத்தகம் இல்லாமலே கதை முடிந்தது.

புத்தகம் யாருக்கும் கொடுக்கவில்லை. மூன்று பெட்டியும் திரும்ப வண்டியில் ஏறியது.

வண்டியில்

ஆயர் தாவார் வந்ததும் அவள் சூ லினுக்குப் போன் போட்டாள். ஏழாம் பக்கத்தைச் சரியாகத் திருப்பி, அந்த ஒரு பக்கத்தை மட்டும் அச்சடித்து எல்லாவற்றிலும் ஒட்டுவது என்று பேசினார்கள். போனில் சூ லின் குரல் எனக்கே கேட்டது.

“அங்கிளுக்குத் தெரியுமா? அய்யோ அங்கிள், ஏன் லா?”

போனை வைத்தாள். வெளியே செம்பனை ஓடிக்கொண்டிருந்தது.

“ஏனப்பா சொல்லேல்லை?”

கோபம் வந்தால் அவளுக்குப் பிறந்த வீட்டுத் தமிழ் வரும்.

“பூனை” என்றேன்.

“என்ன பூனை?”

“பூனை கேட்டுட்டுத் திருடாதுன்னு சொன்னேன். எட்டு மாசம் எழுதல.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன்.

“அந்த எட்டு மாசமும் எங்கம்மா ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. தினம் காலையில கஞ்சி கொண்டுபோனேன். சாயந்திரம் போய் உட்கார்ந்திருந்தேன். எழுத நேரம் ஏது? யார் வண்டி ஓட்டினது?”

“நான்தான்.”

“அது ஞாபகம் இல்ல. பூனை ஞாபகம் இருக்கு.”

போத்தா பாலம் வந்தது. கீழே ஆறு கலங்கி ஓடியது.

“பூனைக் கதை மோசம்ங்க. நீங்க சொன்னது சரி. அதான் தூக்கி வச்சேன்” என்றாள். பிறகு, “நான் என்ன, ஒரு வார்த்தை சொன்னா ஒடஞ்சு போற ஆளா?” என்றாள்.

“இல்ல.”

“அப்போ இத்தனை வருசமும் நல்லா இருக்கு நல்லா இருக்குன்னீங்களே. எது நிஜம்?”

“எழுதறத நிறுத்திடுவீங்களா?” என்று கேட்டேன்.

“அது உங்க பதிலைப் பொறுத்தது. பழசு பதினொண்ணு இருக்கு. ஒவ்வொண்ணா நிஜத்தைச் சொல்லுங்க. தவளை?”

“பரவால்ல.”

“யானை?”

“பின்பக்கத்துக்கு வேலை இல்ல.”

“ஆமை?”

“நீளம்.”

“எருமை?”

“அது நான்.”

“இல்ல.”

“நான்தான்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. ஸ்ரீ இஸ்கண்டார் வருவதற்குள் பத்துப் புத்தகம் முடிந்தது. மூன்று தேறியது.

“மேகக்குட்டி?”

“நல்லா இருக்கு.”

“பொய்.”

“நிஜம்.”

“நிஜம்னு நான் எப்படி நம்புறது? அதே வார்த்தைதானே மோசமான படத்துக்கும் சொன்னீங்க?”

நியாயம்தான். என்னிடம் வேறு வார்த்தை இல்லை. என்ன செய்வது என்று யோசித்தேன். சிபுத்தே ஊர் வந்தது.

மேகக்குட்டி

அவள் உள்ளே கதை சொல்லும்போது பல நாள் நான் வெளியே வண்டியில் காத்திருப்பேன். அப்போது அந்தப் புத்தகத்தைத்தான் எடுப்பேன். எத்தனை தடவை என்று தெரியாது. அதை அவளிடம் சொன்னதில்லை.

ரோட்டைப் பார்த்தபடி ஆரம்பித்தேன்.

“ஒரு மேகக்குட்டி. அதுக்குக் கால் வலி. மேகத்துக்குக் கால் கிடையாது. இருந்தாலும் வலிச்சுது.”

அவள் பையைத் திறந்து புத்தகத்தை எடுக்கிற சத்தம் கேட்டது.

“திருப்புங்க” என்றேன். திருப்பினாள்.

“உட்கார இடம் கேட்டு மலைகிட்ட போச்சு. முதல் மலை சொல்லுச்சு, நான் இப்பத்தான் குளிச்சேன், ஈரத்தோட வராதே. திருப்புங்க. ரெண்டாவது மலை சொல்லுச்சு, என் குகைக்குள்ள சாமி தூங்குது, சத்தம் போடாதே. திருப்புங்க. மூணாவது மலை சொல்லுச்சு, என்னையே உடைக்கிறாங்க, எனக்கே உட்கார இடம் இல்லை.”

மூன்றாவது மலையை எப்போதும் இரண்டு தடவை படிப்பேன். அன்றும் இரண்டு தடவை சொன்னேன். பூசிங் தாண்டி, குகைக் கோயிலும் கல்லுடைப்புமாக ஈப்போ மலைகள் தெரிய ஆரம்பித்தன.

மேகக்குட்டி ஒரு வீட்டுத் துணிக்கொடியில் உட்காருகிறது. அந்த வீட்டு அம்மா வந்து, யார் என் துணியை நனைச்சது என்று ஏசுகிறாள். மேகக்குட்டி அழுகிறது. மழை. எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் சொன்னேன். அவள் பக்கம் பக்கமாகத் திருப்பிக்கொண்டே வந்தாள்.

“கடைசிப் பக்கம்” என்றேன். “அந்த அம்மா எல்லாத் துணியையும் எடுத்தா. ஒரு கைலியை மட்டும் கொடியில விட்டுட்டுப் போனா. மேகக்குட்டி அதுல முகத்தைத் துடைச்சுக்கிச்சு.”

“துண்டு” என்றாள்.

“என்ன?”

“கைலி இல்ல. துண்டு. ஒரு துண்டை மட்டும் விட்டுட்டுப் போனா.”

“கைலிதான்.”

“எழுதினது நான். இதோ அச்சுல இருக்கு. துண்டு.”

“துண்டு குளிக்கிறவனுக்கு. அழுவுற பிள்ளை அம்மா இடுப்புல கட்டுற கைலிலதான் மூஞ்சியத் துடைக்கும்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் கேட்காமலே அவள் எழுதியதில் நான் குறை சொல்வது வாழ்க்கையில் முதல் தடவை.

சிவப்பு விளக்கு விழுந்தது. நிறுத்தினேன். அவள் கடைசிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. துண்டு என்று ஒரு தடவை. கைலி என்று ஒரு தடவை. அந்த அம்மாவின் குரலில் ஒரு தடவை. மேகக்குட்டியின் குரலில் ஒரு தடவை.

பச்சை விழுந்தது. வண்டியை எடுத்தேன்.

கைப்பையில் துழாவிப் பேனாவை எடுத்தாள். அச்சடித்த புத்தகத்திலேயே ஒரு கோடு கிழிக்கிற சத்தம் கேட்டது.

“மெதுவா ஓட்டுங்க” என்றாள். “எழுதிக்கிட்டு இருக்கேன்ல?”